வெள்ளைக் காகிதத்துக்குப் பின்னால் இருந்த முகம்

என் செல்ல மகளுக்கு,

இந்தக் கடிதத்தை உன் கைத்தொலைபேசிக்கு அனுப்பாமல் நாலு பேர் வாசிக்கிற இடத்தில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நீயும் அதை நாலு பேர் வாசிக்கிற இடத்தில்தான் சொன்னாய். தமிழில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. பிரெஞ்சில் எழுதினால் நீ என் பிழைகளைத் திருத்திக்கொண்டே போய் விஷயத்தைக் கோட்டைவிடுவாய். ஆங்கிலத்தில் எழுதினால் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். இந்த ஒருமுறையாவது அம்மா சொல்வதை நீ மெதுவாகக் கேட்கவேண்டும். பயப்படாதே, முடிவில் சொல்வதெழுதுதல் வைக்கமாட்டேன்.

போன கிழமை நீ லொஸ் ஏஞ்சல்சிலிருந்து தொலைபேசி எடுத்தாய். நான் மொன்ட்ரியாலை ஒட்டிய லவாலில், எங்கள் வீட்டுக் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நின்றேன். "அம்மா, இப்பவே சொல்லிப்போட்டன். கலியாணத்தில வீடியோ வேண்டாம். அப்பாவும் கமரா தூக்கப்படாது, ஒருத்தரும் தூக்கப்படாது" என்றாய். "அப்ப நான் என்ன செய்யிறது?" என்று கேட்டேன். "நீங்கள் பொம்பிளையின்ர அம்மா. சும்மா இருங்கோ." "சும்மா இருக்கிறது எனக்குப் பழக்கமில்லாத தொழில் பிள்ளை" என்றேன். இதைவிட மட்டமான என் பகிடிகளுக்கெல்லாம் நீ விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாய். அன்றைக்குச் சிரிக்கவில்லை. "உங்களுக்கு விளங்காதம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாய். கத்தரிக்காய் கறுத்துப்போகும்வரை நான் அப்படியே நின்றேன்.

உன் அப்பா இந்த ஊர்த் தமிழர்களின் கலியாணங்களை வீடியோ எடுக்கிறவர், நான் அதைக் கணினியில் வெட்டி ஒட்டுகிறவள். இத்தனை வருடமும் வெட்டிப் பிழைத்தேன். ஒருநாளும் வெட்டியாய் இருந்ததில்லை. மொன்ட்ரியாலில் தாலி கட்டிய பாதிப் பேரின் கண்ணீரை நான்தான் அளவாக நறுக்கிப் பாட்டுக்குப் பொருத்தினேன். அப்படிப்பட்டவளின் ஒரே மகள், அதுவும் அமெரிக்காவில் சினிமா ஒளிப்பதிவாளராகப் பெயர் எடுத்தவள், தன் கலியாணத்தில் கமரா வேண்டாம் என்றால் சனம் என்ன சொல்லும் என்று நான் யோசித்ததாக நீ நினைத்திருப்பாய். ஓம், முதலில் அதைத்தான் யோசித்தேன். நான் ஒன்றும் தெய்வம் இல்லை.

ஆனால் எனக்கு விளங்காது என்று சொன்னாயே, அது சரியில்லை. நீ எடுப்பதற்கு மூன்று நாள் முன்னரே ஒரு சஞ்சிகையில் வந்த உன் பேட்டியை நான் வாசித்துவிட்டேன். உன் புதிய படத்தைப் பற்றி நாலு பக்கம். லென்ஸ், வெளிச்சம் என்று எனக்குப் பாதி விளங்காத கதை. நடுவில் ஒரு கேள்வி: ஏன் இந்த வேலைக்கு வந்தீர்கள்? நீ சொல்லியிருந்தாய்: "எனக்குப் பன்னிரண்டு வயதில் யாரோ ஒருவர் ஒரு வீடியோவில் என்னை வெள்ளையாக்கினார். அந்தப் பிள்ளை யார் என்று எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து என் முகத்தின் நிறத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்."

அந்த யாரோ ஒருவர் நான்தான். என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனாலும் பிள்ளை, உன்னைப் பெற்ற நாள்முதல் அம்மாவாக இருந்துவிட்டு ஒரே வரியில் யாரோ ஆகிப்போவது கொஞ்சம் குளிராகத்தான் இருக்கிறது. அதுதான் இங்கே எல்லாருக்கும் முன்னால் எழுந்து நின்று கையை உயர்த்துகிறேன். நான்தான் செய்தேன். ஏன் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்காக மன்னிக்கவேண்டும் என்று இல்லை.

நான் இந்த நாட்டுக்கு வருமுன்பே என் படம் வந்துவிட்டது. கலியாணப் பேச்சுக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்த படம். ஸ்டூடியோக்காரர் கெட்டிக்காரர், மெல்லிய தூரிகையால் என் முகத்தை மூன்று தலைமுறை வெளுக்கவைத்துவிட்டார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இங்கே சம்மதம் சொன்னார்கள். பிறகு நான் வந்து விமானநிலையத்தில் இறங்கினேன். உன் அப்பாவும் அவருடைய அக்காவும், அதுதான் உன் மாமி, பூச்செண்டோடு நின்றார்கள். மாமி என்னைப் பார்த்தா, கையிலிருந்த படத்தைப் பார்த்தா, திரும்ப என்னைப் பார்த்தா. "படத்தில இருந்த பிள்ளை நீர்தானோ?" என்று கேட்டா. "ஓம் மச்சாள். படம் பிளேனில வந்தது, நான் வெயிலில நடந்து வந்தனான்" என்றேன். உன் அப்பா சிரித்த சிரிப்பில் தள்ளுவண்டிப் பெட்டிகள் எல்லாம் சரிந்து விழுந்தன. அந்தச் சிரிப்புக்காகவே அந்த மனிசனை எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் அன்றைக்கு இன்னொன்றையும் படித்தேன். பகிடி விட்டால் சனம் உன் வாயைத்தான் பார்க்கும், முகத்தைப் பார்க்காது. பள்ளிக்கூடத்தில் ரீச்சரின் குடைக்குள் கடலை நிரப்பிய குறும்புக்காரியான எனக்கு அது நல்ல வசதியாகப் போயிற்று. அதற்குப் பிறகு என் முகத்தை யாரும் பார்க்க நான் விடவில்லை.

பிறகு தொழில் தொடங்கினோம். எங்கள் சனம் கறுப்பு என்ற சொல்லை வாயால் சொல்லாது. "அண்ணை, பிள்ளைக்குக் கொஞ்சம் வெளிச்சம் காணாது, பார்த்துச் செய்யுங்கோ" என்று அப்பாவின் காதில் சொல்லும். அப்பா வந்து எனக்குச் சொல்லுவார். கணினித் திரையில் ஒரு சின்னக் கோடு இருக்கும், அதை வலப்பக்கம் இழுத்தால் போதும். முகம் வெளுக்கும். அதோடு சேலையின் சிவப்பு ரோசாவாகும், ஐயரின் வேட்டியும் சுவரும் ஒட்டிக்கொள்ளும், மாப்பிள்ளையின் மூக்கு நுனி காணாமல் போகும். யாரும் மூக்கைத் தேடவில்லை. எல்லாரும் சந்தோசமாக வாங்கிக்கொண்டு போனார்கள்.

நீ பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கை மொன்ட்ரியால்-நோரில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் செய்தோம். பெப்ரவரி மாதம், வெளியே முழங்கால்வரை பனி. அதற்குள் நீ அரக்குச் சேலையில், தலை நிறையப் பூவோடு, அப்பாவின் கமராவைப் பார்த்து முறைத்துக்கொண்டு இருந்தாய். அந்த வீடியோவை நான்தான் வெட்டினேன். கவனி பிள்ளை, இதுதான் நான் சொல்லவந்தது: உன்னை வெளிச்சமாக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அப்பா கேட்கவில்லை, மாமிகூடக் கேட்கவில்லை. நானாகவே அந்தக் கோட்டைப் பிடித்து இழுத்தேன். விமானநிலையத்தில் என்னைப் பார்த்த மாதிரி உன்னை ஒருத்தரும் பார்த்துவிடக்கூடாது என்று நினைத்து இழுத்தேன். மற்றப் பிள்ளைகளுக்கு இழுத்ததைவிடக் கொஞ்சம் கூடவே இழுத்தேன். அதை அன்பு என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரையும் கூப்பிட்டு ரீவியில் போட்டோம். "ஐயோ, ரோசாப்பூ மாதிரி எல்லே இருக்கிறாள்" என்றா மாமி. உன் சித்தப்பா கைதட்டினார். நீ எழுந்து குளியலறைக்குப் போனாய். கொஞ்ச நேரம் கழித்து வந்தாய். முகம் முழுக்கப் பவுடர். கண்ணிமை, உதடு, காது ஒன்றையும் விடவில்லை, மா அரித்த சுளகு மாதிரி வந்து நின்றாய். "இப்ப சரியாம்மா?" என்று கேட்டாய்.

வீடே சிரித்தது. எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவள் நான். என் குறும்பு உனக்கும் வந்துவிட்டது என்று எனக்குப் பெருமை. "என்ர பிள்ளை, என்னை மாதிரியே!" என்று மாமியின் தொடையில் தட்டிச் சிரித்தேன். நீ சிரித்தாயா என்று நான் பார்க்கவில்லை. வாழ்நாள் முழுக்கப் பகிடிக்குப் பின்னால் முகத்தை ஒளித்தவள், தன் பிள்ளை அதையே செய்யும்போது அடையாளம் கண்டிருக்கவேண்டாமா? உன் பேட்டியை வாசிக்கும்வரை அது உன் வாழ்க்கையின் முதல் பகிடி என்றுதான் நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். உனக்கு முன்னாலேயே எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! நீ ஒவ்வொரு முறையும் எழுந்து தேத்தண்ணி போடப் போவாய். பொறுப்பான பிள்ளை என்று அதையும் சேர்த்துச் சொல்லுவேன்.

அதற்குப் பிறகு நீ கமராவுக்கு முன்னால் நின்றதில்லை. பின்னால் வந்து நின்றாய். பதினாலு வயதில் அப்பாவோடு கலியாண ஹோலுக்கு வந்து லைட் பிடிக்கத் தொடங்கினாய். பெண்ணின் முகத்துக்கு நேரே பிடிக்கவேண்டிய லைட்டை நீ சுவரைப் பார்த்துத் திருப்பிப் பிடிப்பாய். சுவரில் பட்டுத் திரும்பிவரும் மெல்லிய வெளிச்சத்தில் பெண் இருப்பாள். "ஏனடி சுவருக்கோ கலியாணம்? முகத்தில அடி லைட்டை!" என்று நான் கத்துவேன். "அடிச்சா நோகும் அம்மா" என்பாய். அதையும் பகிடி என்று குறித்துக்கொண்டேன். பார், என் கணக்கில் நீ எவ்வளவு பகிடிக்காரி!

நீ சினிமா படிக்கப் போனபோது சித்தப்பா கேட்டார், "படம் எடுக்கப் படிக்கிறதோ? நல்லபாம்பும்தான் படம் எடுக்குது, அது எந்தக் கம்பஸுக்குப் போனது?" என்று. "அது கடிக்கவும் படிச்சிருக்கு, நீங்கள் தள்ளி நில்லுங்கோ" என்று உனக்காக நான் பதில் சொன்னேன். அது ஒன்றுதான் நான் உனக்குச் செய்த உருப்படியான உதவி. அமெரிக்கப் படக்காரர்கள் பழைய துறைமுகப் பக்கம் வந்து எங்கள் தெருக்களை நியூயோர்க் என்று பொய் சொல்லிப் படம் பிடிக்கும்போது, நீ உறைபனியில் லென்ஸ் பெட்டி தூக்கினாய். பிறகு தூரத்தை அளந்து ஃபோகஸ் பிடிக்கிற வேலை. விரல்கள் வெடித்து வந்து நிற்பாய், நான் நல்லெண்ணெய் பூசிவிடுவேன். அப்புறம் அவர்களோடே அமெரிக்காவுக்குப் போனாய். அங்கே விளம்பரம், சின்னப் படம், ஒருவரும் பார்க்காத படம், இரண்டு வருடம் வேலையே இல்லாத காலம். "திரும்பி வா, இஞ்ச கலியாணங்கள் குவிஞ்சு கிடக்கு" என்று நான் சொன்னபோது நீ அழுதாய். தனிமையில் அழுகிறாய் என்று நினைத்தேன். எதற்குத் திரும்பிவரச் சொல்கிறேன் என்று நினைத்துத்தான் அழுதிருக்கிறாய், இல்லையா?

உன் புதிய படத்தை இங்கே லவாலில், மத்தியானக் காட்சியில், நான், அப்பா, மாமி மூன்று பேரும் பார்த்தோம். அதில் ஒரு பஸ் ஓட்டுகிற பெண் வருகிறாள். கறுப்பி. வேலைக்குப் போகுமுன் குசினியில் நின்றபடியே சோறு சாப்பிடுகிறாள். அடுப்புக்கு மேலே ஒரே ஒரு பல்பு, மிச்சம் எல்லாம் இருட்டு. மாமி என் காதில், "லைட் போட மறந்துபோட்டினமோ?" என்று கேட்டா. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் கன்னத்தில் விழுந்த வெளிச்சம் விளக்கெண்ணெய் பூசிய கருங்கல்லில் மினுங்குகிற மாதிரி உள்ளேயிருந்து வந்தது. மூக்கு நுனி இருந்தது. கழுத்தின் வியர்வை இருந்தது. அவள் சாப்பிட்டு முடித்துக் கையை நக்கினாள். அது என் கை, பிள்ளை. நான் நின்றபடி சாப்பிடும்போது நீ எங்கேயோ இருந்து பார்த்திருக்கிறாய். என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. நான் விடவுமில்லை. அப்பா இருட்டில் என் கையைப் பிடித்தார். "உம்மை மாதிரி இருக்கு" என்றார். முப்பத்தைந்து வருடத்தில் முதல்தடவையாக எனக்கு ஒரு பகிடியும் வாயில் வரவில்லை.

நீ தொலைபேசியை வைத்த மறுநாள் காலை நிலவறைக்குப் போய் உன் சடங்கை எடுத்த பழைய கசெட்டுகளைக் கிளறினேன். வெட்டின வீடியோ இல்லை, வெட்டுமுன் இருந்த முழுக் கசெட். அப்பாவின் பழைய கமராவைத் துடைத்து, நாலுமுறை தட்டி, ஒருமுறை திட்டி, கசெட்டை அதில் போட்டேன். வேலை செய்தது. முதலில் ஜன்னல் தெரிகிறது. வெளியே பனி, அந்த வெளிச்சம் உள்ளே வந்து கிடக்கிறது. ஜன்னலுக்குப் பக்கத்தில் நீ, முகத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்தபடி. உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. எது வெள்ளை என்று கமராவுக்கு முதலில் காட்டினால்தான் அது மற்ற நிறங்களைச் சரியாகப் பிடிக்கும். அன்று காலை அப்பா பூமாலை வாங்கப் போயிருந்தார், கமராவைப் பிடித்தது நான். "காணும், எடு" என்கிறது என் குரல். நீ காகிதத்தைக் கீழே இறக்குகிறாய். சேலை கட்டின சங்கடத்தில் ஒரு கணம் நிற்கிறாய். பிறகு நாக்கை முழுதாக வெளியே நீட்டுகிறாய்.

உன் முகம் அப்படியே இருக்கிறது. அந்த நிறம், கண்ணுக்குக் கீழே இருக்கிற மச்சம், மூக்கு, எல்லாம். நீ இத்தனை வருடம் தேடின நிறம் என் நிலவறையில் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடந்திருக்கிறது. அதோடு ஒரு குரலும் இருக்கிறது. கமரா கொஞ்சம் ஆடுகிறது, பிடித்திருக்கிறவள் சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே சொல்கிறாள்: "என்ர கறுப்பி, என்ன வடிவடி நீ!"

அதைச் சொன்னது நான். சொன்னது எனக்கு ஞாபகமே இல்லை. யாரும் பார்க்காத நேரத்தில் உன் அழகைப் பார்த்து உள்ளதைச் சொல்லியிருக்கிறேன். சனம் பார்க்கப்போகிறது என்றதும் கோட்டைப் பிடித்து இழுத்திருக்கிறேன். சடங்குக்கு முந்தின காட்சி, தேவையில்லை என்று வெட்டி எறிந்ததும் நானே. ஒளிப்பதிவு என்றால் ஒளியைப் பதிவது. நான் இத்தனை காலமும் செய்தது ஒளித்துப் பதிவது. உன் கைத்தொழிலுக்கும் என் கைத்தொழிலுக்கும் இடையில் உள்ள தூரம் அவ்வளவுதான். அதைக் கடக்க நீ அமெரிக்கா வரைக்கும் போகவேண்டியிருந்தது.

அந்தத் துண்டை மட்டும் எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு நிறத்தையும் தொடவில்லை. டேவிட்டுக்கும் காட்டு. உன் மாப்பிள்ளை படங்களுக்கு ஒலி பதிகிறவர், என் குரலில் இரைச்சல் கூட என்று சொல்லட்டும், பரவாயில்லை. நல்ல மனிசன். போனமுறை வந்தபோது எனக்குச் சரியாக விளங்காத ஆங்கிலத்தில் அவர் பகிடி விட்டதும், அவருக்கு விளங்காத தமிழில் நான் திருப்பி விட்டதும் ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பேரும் கண்ணில் தண்ணி வரச் சிரித்தோம். ஆனால் அவர் சிரிக்கும்போது ஓரக்கண்ணால் உன்னைத்தான் பார்த்தார், நீ சிரிக்கிறாயா என்று. அப்போதே எனக்குப் பிடித்துப்போயிற்று. கலியாணத்துக்கு அம்மா சொல்லும் புத்திமதி இவ்வளவுதான், அதுவும் அவரிடமிருந்து திருடினது: வீடே சிரிக்கும்போது, சிரிக்காமல் இருக்கிற ஆளை ஒருதரம் தேடிப் பார். நான் தேடவில்லை.

இனி வீடியோ விஷயம். நீ வேண்டாம் என்றால் வேண்டாம். அப்பாவுக்குச் சொல்லிவிட்டேன். "என்ர பிள்ளையின்ர கலியாணத்தில நான் வெறுங்கையோட நிக்கிறதோ?" என்று கேட்டார். "பிள்ளையின்ர கையைப் பிடியுங்கோ, வெறுங்கை இராது" என்றேன். எழும்பிப் போய்க் கராஜில் எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். சனம் கேட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் மனம் மாறினால் ஒரு வழி இருக்கிறது. கலியாணத்தன்று காலை, சேலை உடுத்தி முடிந்ததும், ஜன்னல் பக்கத்தில் வந்து நில். காகிதத்தை நீயே பிடி. கமராவில் எல்லா அளவையும் நீயே வை. பிறகு அதை என் கையில் தா. பின்னேரம்வரை ஒரு பொத்தானிலும் விரல் வைக்கமாட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு ஒரு துண்டும் வெட்டமாட்டேன், மாமி பந்தியில் மூன்றாம் வடை எடுப்பது உட்பட எல்லாம் இருக்கும். நீ எப்படி இருக்கிறாயோ அப்படி.

இதற்கு இப்போதே பதில் சொல்லவேண்டாம். அன்று காலை ஜன்னல் ஓரத்தில் ஒரு வெள்ளைக் காகிதம் இருக்கும். எடுத்தாலும் சரி, விட்டாலும் சரி, நான் கேட்கமாட்டேன்.

இன்னொன்று. மாமி தன் கைப்பையில் எப்போதும் ஒரு பவுடர் டப்பா வைத்திருப்பா, உனக்குத் தெரியும். கலியாணத்தன்று விடிந்ததும் அதை எடுத்து நான் எங்கேயாவது ஒளித்துவிடுவேன். எங்கே என்று அவ வீடு முழுக்கத் தேடும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் இந்தமுறை உன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சிரிப்பேன்.

உன் அம்மா